பிரிந்த பிறகு வீட்டுக் கடன் தவணை தவறினால்: முதலில் எதைச் செய்வது, எப்படிச் செய்வது

வீட்டுக் கடனில் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால், பிரிந்த பிறகும் முழுக் கடனுக்கு இருவருமே பொறுப்பு. பாதிப் பாதி என்ற கணக்கு வங்கியிடம் கிடையாது. "இனிமே இ.எம்.ஐ. அவர்தான் கட்டணும்" என்று பெரியவர்கள் முன்னால் எழுதிய தாளும் சரி, விவாகரத்துத் தீர்ப்பும் சரி, வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டாமல் விட்டால் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் (நீங்கள் கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) சேர்ந்தே இறங்கும்.

1. எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்

சிபில் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். நீங்கள் ஜாமீன் போட்டு மறந்துபோன கடன்கூட அதில் தெரியும். கைமாற்று, சீட்டுப் பாக்கி போன்றவை அதில் வராது. அவற்றை நீங்களே சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்துப் போட்டவர் யார், பாக்கி எவ்வளவு, எத்தனை நாள் தவறியிருக்கிறது, எதை அடமானம் வைத்தீர்கள் என்று குறியுங்கள்.

2. வீட்டுக் கடனுக்கு முதல் இடம்

பலரும் சறுக்குவது இங்கேதான். கிரெடிட் கார்டுக்காரர்கள் விடாமல் போன் செய்வதால் பயந்து அதைக் கட்டிவிட்டு, அமைதியாக இருக்கும் வீட்டுக் கடனை விட்டுவிடுகிறார்கள். அடமானம் இல்லாத கார்டு கடனுக்காகவும் தனிநபர் கடனுக்காகவும் நீதிமன்றம் போகாமல் யாரும் உங்கள் வீட்டைத் தொட முடியாது. வீட்டுக் கடன் தந்த வங்கியோ, அடமானச் சொத்தை வைத்துக் கடனை வசூலிக்க வங்கிகளுக்கு அதிகாரம் தரும் சர்ஃபாசி சட்டப்படி, வழக்கே போடாமல் வீட்டை எடுக்கலாம். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது. மீறினால் நேரத்தைக் குறித்துவைத்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தவணை கட்டுவதற்காக மொபைல் செயலியில் புதுக் கடன் மட்டும் வாங்காதீர்கள்.

3. 90 நாள் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

மிகப் பழைய பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக் கடனாகிவிடும். அதற்கு முன்பு மூன்று தவணை பாக்கி இருந்தாலும், ஒன்றைக் கட்டினால் அது பழைய பாக்கியில் கழிந்து, உங்களுக்குச் சுமார் ஒரு மாத அவகாசம் கிடைக்கும். வாராக் கடனான பிறகு அந்த வழி இல்லை. தவறிய தவணைகளின் நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். அதனால் முழுத்தொகை சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கையில் ஒரு தவணைக்குப் பணம் இருந்தாலும் உடனே கட்டுங்கள்.

4. வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள்

வாய்ப்பேச்சு பின்னால் எதற்கும் உதவாது. பிரிந்த தேதி, இப்போதைய வருமானம், மாதம் உங்களால் கட்ட முடிந்த தொகை ஆகிய மூன்றையும் எழுதி, சம்பளச் சீட்டையும் ஆறு மாத வங்கி அறிக்கையையும் இணைத்து, கடன் காலத்தை நீட்டிக்கக் கேளுங்கள். 25 லட்சம் பாக்கி, 9 சதவீத வட்டி என்றால் 15 ஆண்டுக்குத் தவணை ஏறக்குறைய 25,360 ரூபாய். 20 ஆண்டானால் 22,490. மொத்த வட்டி கூடும், சிபிலிலும் பதிவாகலாம். வீடு போவதோடு ஒப்பிட்டால் இதைத் தாங்கிக்கொள்ளலாம். நகலில் வங்கி முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

5. நோட்டீஸ் வந்துவிட்டால்

சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவுப்படி கடனைக் கட்டச் சொல்லி வரும் நோட்டீஸ் என்றால் 60 நாள் அவகாசம். அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். தபாலை வாங்க மறுப்பதால் நோட்டீஸ் செல்லாமல் போகாது, நாள்தான் வீணாகும். நீங்கள் வேறு வீட்டில் இருந்தால் புது முகவரியை வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள், இல்லையென்றால் நோட்டீஸ் வந்ததே தெரியாமல் போகும். அதே சட்டத்தின் 13(4) பிரிவுப்படி வங்கி வீட்டைச் சுவாதீனம் எடுத்தால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. ஏல அறிவிப்பு வெளியானபின் கடனைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை போய்விடும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

6. இலவச உதவி

பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரைத் தரும், தொலைபேசி எண் 15100. குடும்ப வன்முறை இருந்திருந்தால், 2005-ம் ஆண்டுச் சட்டப்படி கணவர் வீட்டை விற்கத் தடை கேட்கலாம். ஜீவனாம்ச வழக்கில் தாக்கல் செய்யும் சொத்து, கடன் உறுதிமொழிப் பத்திரத்தில் வீட்டுத் தவணையை விடாமல் எழுதுங்கள். தொகையை முடிவுசெய்யும்போது நீதிபதி அதைப் பார்ப்பார். புகாருக்கு வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம்; விவரத்துக்கு 14448.

7. வீடு யாருக்கு?

ஒருவர் வைத்துக்கொள்வதென்றால் பத்திரம் மாற்றினால் மட்டும் போதாது. விலகுபவரின் பெயரைக் கடனிலிருந்து நீக்கியதாக வங்கி எழுத்தில் தர வேண்டும். வைத்துக்கொள்பவரின் தனி வருமானம் போதாவிட்டால் வங்கி சம்மதிக்காது. அப்போது ஏலம் வரும்வரை விடாமல், வங்கிக்குத் தெரிவித்து நீங்களே விற்பதே நல்லது. பொதுவாக ஏலத்தைவிட நல்ல விலை கிடைக்கும். கடனை முடித்த 30 நாளுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.