கெலோனாவா, பென்டிக்டனா? முதலில் பழத்தை முடிவு செய்யுங்கள்

கனடாவின் ஓகனாகன் பள்ளத்தாக்குக்குக் கோடையில் போவதென்று முடிவானதும் வீட்டில் அடுத்து எழும் பேச்சு, அங்கே கெலோனா, பென்டிக்டன் இரண்டில் எந்த ஊரில் அறை எடுப்பது என்பதுதான். ஊரிலிருந்து தொடங்காதீர்கள். எந்தப் பழத்துக்காகப் போகிறீர்கள் என்று பாருங்கள். பழம் முடிவானால் தேதி முடிவாகும், தேதி வந்தால் ஊர் பாதி முடிந்த மாதிரி.

செர்ரி ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதி வரை போகும். ஏப்ரிகாட்டுக்கு ஜூலை நடுவிலிருந்து மூன்று நாலு வாரம்தான். பீச் ஜூலை பிற்பாதியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. ஆப்பிள் என்றால் செப்டம்பர். பள்ளத்தாக்கு வடக்கு தெற்காக நீள்கிறது, தெற்கே முதலில் பழுக்கும். பென்டிக்டன் கெலோனாவுக்குத் தெற்கே சுமார் 65 கி.மீ. அதனால் ஒரே ரகம் அங்கே சில நாள் முந்தி வரும். ஜூலை தொடக்கத்தில் போகிறவர்களுக்குப் பென்டிக்டன் பக்கம் நல்லது. ஆகஸ்ட் பிறந்த பிறகும் செர்ரி வேண்டுமென்றால், கெலோனாவின் தென்கிழக்கே மேட்டில் உள்ள தோட்டங்களில் தேடுங்கள். உயரம் கூடக்கூடப் பழுப்பதும் தள்ளிப்போகும்.

அறை பதியும் முன் தோட்டத்துக்கு ஒரு போன் போடுவது அவசியம். 2024 ஜனவரிக் கடுங்குளிரில் மரத்திலேயே மொட்டுகள் செத்து, அந்தக் கோடையில் பீச்சும் ஏப்ரிகாட்டும் பள்ளத்தாக்கில் கிட்டத்தட்ட இல்லாமலே போயின. பழுக்கும் நேரத்து மழையும் செர்ரிக்கு ஆகாது. தோல் நீரை உறிஞ்சி உப்பி வெடித்துவிடும். மழை விட்டதும் ஹெலிகாப்டரைத் தாழப் பறக்கவிட்டு மரங்களைக் காயவைப்பது இதனால்தான்.

இனி ஊர்கள். 2021 கணக்கெடுப்பில் கெலோனாவில் 1,44,576 பேர், பென்டிக்டனில் 36,885 பேர். இந்த வித்தியாசம் தெருவில் இறங்கியதுமே தெரியும். கெலோனாவில் பெரிய விமான நிலையம், நிறைய சாப்பாட்டுக் கடைகள், பெரிய மருத்துவமனை எல்லாம் உண்டு. விமானத்தில் வருகிறவர்கள், வயதானவர்களோடு வருகிறவர்கள், பத்துப் பேராக வருகிறவர்கள் யோசிக்காமல் இங்கே தங்கலாம். ஆனால் 97-ஆம் நெடுஞ்சாலை ஊருக்கு நடுவே போகிறது. மாலை நாலு மணிக்கு ஓகனாகன் ஏரிப் பாலத்தைக் கடக்கத் திட்டம் போட்டால் அரை நாள் கெட்டது. ஊரை விட்டு மேலே ஏறினால் மைரா கேன்யன். பழைய ரயில் பாதையில் 12 கி.மீ.க்குள் 18 பாலங்கள், 2 சுரங்கப் பாதைகள். பாதை சமதளம் என்பதால் சின்னப் பிள்ளைகளும் சைக்கிள் மிதிக்கலாம். போகும் வழியில் கடைசி 8 கி.மீ. சரளைச் சாலை, மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும்.

பென்டிக்டன் இரண்டு ஏரிக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது: வடக்கே ஓகனாகன், தெற்கே ஸ்காஹா. ஸ்காஹா சிறியது, தண்ணீர் சீக்கிரம் வெதுவெதுப்பாகும். பிள்ளைகள் மணிக்கணக்கில் தண்ணீரில் கிடப்பார்கள் என்றால் நாங்கள் சொல்வது இந்த ஊரைத்தான். இரண்டு ஏரியையும் இணைக்கும் கால்வாயில் டியூப்பில் மிதந்து வருவதுதான் இங்கே பெரிய பொழுதுபோக்கு. சுமார் 7 கி.மீ., இரண்டு மூன்று மணி நேரம். நாலைந்து டியூப்பை ஒன்றாகக் கட்டாதீர்கள், பாலத்துத் தூணில் சிக்கிக்கொள்ளும். கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கவும் வேண்டாம். உயிர்காப்பு ஜாக்கெட், குடிதண்ணீர், கழன்று போகாத செருப்பு மூன்றும் வேண்டும். தோட்டங்கள் என்றால் நரமாட்டா மேடு ஊர் எல்லையிலேயே தொடங்குகிறது. பழக்கடைகளுக்குப் பேர்போன கெரமியோஸ் முக்கால் மணி நேரத்துக்குள். ஆகஸ்ட் தொடக்கத்தில் பீச் திருவிழா நடக்கும், அந்த வாரம் அறை கிடைப்பது கஷ்டம்.

எந்த ஊரானாலும் ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வரலாம். 2023 ஆகஸ்டில் கெலோனாவுக்கு எதிர்க்கரையில் தீ பரவியபோது, வெளியேறியவர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் இடம் வேண்டுமென்று இரண்டு ஊரிலும் சுற்றுலாப் பயணிகள் விடுதியில் தங்கச் சில நாள் தடை போட்டார்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தாலும் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பாருங்கள். நாள் மாற்ற முடியுமென்றால் ஜூலையே மேல்.

தோட்டத்தில் நீங்களே பறிக்கும்போது செர்ரியின் காம்பைப் பிடித்து மேல்நோக்கித் திருகுங்கள். பழத்தைப் பிடித்து இழுத்தால் காம்பு கழன்று சாறு வடியும், இரண்டு நாளில் கெடும். காம்பு முளைத்த குட்டைக் கணு மரத்திலேயே இருக்கட்டும். அடுத்த வருஷப் பழம் அதில்தான். பீச்சில் சிவப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது வெயில் பட்ட நிறம். சிவப்புக்குப் பின்னால் இருக்கும் அடி நிறம் பச்சை போய் மஞ்சளாகியிருந்தால்தான் பழுத்தது. ஊருக்கு எடுத்துப்போகக் கொஞ்சம் கெட்டியான பழமாக எடுத்து, காம்புப் பக்கம் கீழே வர ஒரே அடுக்காக வையுங்கள். பழுக்கும் முன் ஃபிரிட்ஜில் வைத்தால் சதை மாவாகிவிடும். செர்ரி நேர்மாறு: கழுவாமல் உடனே ஃபிரிட்ஜுக்கு.