குட்டி தோளில் கால் வைத்தால் சிரிக்காதீர்கள்

போன ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போயிருந்தேன். குருநாதசாமி கோயில் தேர்த் திருவிழாவை ஒட்டிக் கூடுகிற அந்தக் குதிரைச் சந்தையை ஈரோடு மாவட்டத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காது நுனி இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும் மார்வாரி, கத்தியவார், வெள்ளை வெளேரென்ற நொக்ரா என்று ஒரு சுற்று பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு வேப்பமரத்தடியில் சின்னக் கூட்டம். இருபத்திரண்டு வயதிருக்கும் ஒரு தம்பி, அப்போதுதான் வாங்கிய நாலு மாத ஆண்குட்டியோடு நின்றிருந்தான். வெல்லத்துண்டை உயர்த்திக் காட்டினான். குட்டி முன்னங்காலைத் தூக்கி அவன் தோளில் வைத்தது. கைதட்டல். இரண்டு பேர் செல்போனில் படம் பிடித்தார்கள்.

"என்ன பாசம் பாருங்கண்ணா" என்றான் என்னைப் பார்த்து. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் இதே காரியத்தை நானும் இதே சந்தோஷத்தோடு செய்திருக்கிறேன்.

குதிரைக்குட்டி வளர்ப்பில் நாம் செய்கிற தப்புகளைப் பற்றி அன்றைக்கு அவனோடு உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். தண்ணீர் வை, நிழல் கட்டு, தடுப்பூசி போடு என்பதெல்லாம் ஆடு மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

குட்டி போட்ட ராத்திரியில் கூட்டம் சேர்ப்பது

குதிரை பெரும்பாலும் ராத்திரியில்தான் குட்டி போடும். உடனே வீட்டில் எல்லோரையும் எழுப்பி, டார்ச் அடித்து, பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் கூப்பிட்டுவிடுகிறோம். தாய் மிரண்டு சுற்றிச் சுற்றி வருமே தவிர, குட்டிக்கு மடி கொடுக்காது.

இதில் நேரம் முக்கியம். குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். ஏதாவது ஒன்று தள்ளிப்போனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே தாயிடமிருந்து நோய் எதிர்ப்பு சக்தி கொஞ்சம் வந்துவிடும். குதிரைக்குட்டி அது இல்லாமல்தான் பிறக்கிறது. அதற்கு எல்லாமே சீம்பால் வழியாகத்தான். அந்தச் சத்தைக் குடல் அப்படியே உறிஞ்சுவது முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக நடக்கும். ஒரு நாள் போனால் அந்தக் கதவு மூடிவிடும். தொப்புள்கொடியையும் அறுக்காதீர்கள். தாய் எழும்போதோ குட்டி துள்ளும்போதோ அது தானாக அறும். டாக்டர் சொல்லும் மருந்தில் நனைத்துவிட்டால் போதும்.

நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். சொந்தக்காரர்கள் மறுநாள் வரட்டும்.

தோளில் கால்

எங்கள் முத்து பிறந்த இருபதாம் நாள், தாய்க்குதிரை வயிற்றுவலி கண்டு செத்துப்போனது. டாக்டர் சொன்னபடி பால் கலக்கி, ராத்திரியெல்லாம் முறை வைத்து எழுந்து கொடுத்துப் பிழைக்க வைத்தோம். அப்போது எங்களிடம் வேறு குதிரை கிடையாது. வீட்டிலிருந்த நாங்கள் நாலு பேர்தான் அவனுக்கு எல்லாம். சமையலறை வாசல் வரைக்கும் பின்னாலேயே வருவான். அம்மாவின் முந்தானையைக் கவ்வி இழுப்பான். ஒன்றரை மாதத்தில் ஒருநாள் முன்னங்காலைத் தூக்கி என் தோளில் வைத்தான். வீடே சிரித்தது. நான் ஒரு துண்டு வெல்லம் கொடுத்தேன். அந்த வெல்லத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

அதைப் பாசம் என்று நினைத்ததுதான் தப்பு. இரண்டு ஆண்குட்டிகளை ஒரே பட்டியில் விட்டுப் பாருங்கள். பின்னங்காலில் எழுந்து, ஒன்றன் கழுத்தில் ஒன்று காலைப் போட்டு, பிடரியைக் கடித்து விளையாடும். பெரிதானபின் பெட்டைக்காகப் போடப்போகிற சண்டைக்கு அதுதான் பழக்கம். உங்கள் தோளில் கால் வைக்கிற குட்டி, உங்களையும் தன் வயசுக் குட்டி என்று எண்ணித்தான் வைக்கிறது. தாயிடம் இந்த வேலையைக் காட்டினால் அது காதைப் பின்னால் மடிக்கும். அடங்காவிட்டால் ஒரு கடி. அதோடு குட்டிக்குப் புரிந்துவிடும். முத்துவுக்கு அப்படிச் சொல்லித்தர யாரும் இல்லை. நாங்களோ வெல்லம் கொடுத்துப் பழக்கினோம்.

பிறக்கும்போது முப்பத்தைந்து, நாற்பது கிலோ இருக்கிற குட்டி, ஆறு மாதத்தில் பெரிய குதிரையின் எடையில் கிட்டத்தட்டப் பாதியைத் தொட்டுவிடும். ஒரு வயதானபோது அவன் கால் தோளில் விழுந்தால் தாங்க முடியவில்லை. அதனால் அடிக்க ஆரம்பித்தோம். அவன் அதே முத்துதான். செய்ததும் அதே காரியம்தான். அதற்கு நேற்று வரைக்கும் வெல்லம், இன்றைக்குச் சாட்டை. அவனுக்கு என்ன புரிந்திருக்கும்? மனிதன் கையை ஓங்கினால் முந்திக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் புரிந்தது.

இரண்டு வயது தாண்டிய ஒரு காலை, அப்பா ஊறவைத்த கொள்ளு வாளியோடு உள்ளே போனார். முத்து எழுந்தான். ஒரு குளம்பு அப்பாவின் காறை எலும்பில் விழுந்தது. வாளி உருண்டு கொள்ளு சிதறிக் கிடக்க, அப்பா சுவரில் சாய்ந்தபடி, "அவனை அடிக்காதீங்க" என்றுதான் சொன்னார். கையைத் தொட்டில் கட்டி இரண்டு மாதம் கிடந்தார். முத்துவைப் பாதி விலைக்கு விற்றோம்.

ஒரு வருஷம் கழித்து ஒரு சுற்றுலா ஊரில் அவனைச் சவாரி வண்டியில் பார்த்தேன். வாயில் முள் கடிவாளம். அதைப் போடக்கூடாது என்று 1965ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்பு விதிகளிலேயே இருக்கிறது, ஆனாலும் போடுகிறார்கள். வாயோரம் இரண்டு பக்கமும் கிழிந்து ஆறி, மறுபடி கிழிந்திருந்தது. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். காதை நிமிர்த்தினான். முன்னங்காலைத் தூக்கப் பார்த்தான். வண்டிக்காரர் கடிவாளத்தைச் சுண்டினார்.

அதனால்தான் சந்தையில் அந்தத் தம்பியைப் பார்த்ததும் அப்படிப் படபடத்தேன். என்ன செய்ய வேண்டும் என்று அவனிடம் சொன்னது இதுதான்.

குட்டியைத் தனியாக வளர்க்காதீர்கள். கூட ஒரு வயசான, சாதுவான பெட்டைக்குதிரை இருக்கட்டும். உங்களால் ஒரு வருஷத்தில் கற்றுத்தர முடியாததை அது ஒரு வாரத்தில் கற்றுத்தரும். கையில் எதையும் ஊட்டாதீர்கள். வெல்லமோ கேரட்டோ, தொட்டியில் போடுங்கள். கொஞ்ச வேண்டும் என்றால் மூக்கையும் நெற்றியையும் தடவாமல், பிடரி முடிகிற மேட்டில் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று சொறிந்துகொள்கிற இடம் அது. மேலுதட்டை நீட்டி நீட்டி ரசிக்கும். அது உங்கள் மேல் சாய்ந்து தள்ளினால் நீங்கள் பின்வாங்கக் கூடாது. நெஞ்சில் விரலை வைத்து லேசாக அழுத்தி, ஓரடி அது பின்னால் போனதும் விரலை எடுத்துவிடுங்கள். அந்த விரலை எடுக்கிற நொடியில்தான் குட்டி பாடம் படிக்கிறது. தினம் பத்து நிமிஷம் போதும். ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். நீங்கள் பின்னால் தள்ளிப் பழக்க, மாமா வந்து தோளில் கால் வைக்கச் சொன்னால் எல்லாம் வீண்.

இன்னொன்று. சின்னக்குட்டி பெரிய குதிரையைப் பார்த்தோ உங்களைப் பார்த்தோ கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடும். கடிக்க வருகிறது என்று அதை அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது "நான் சின்னவன், என்னை ஒன்றும் செய்யாதே" என்கிற பாஷை. அதற்கு அடி கொடுப்பது பாவம்.

கழுத்தில் கயிறு போட்டு இழுப்பது

கன்றுக்குட்டியை இழுக்கிற மாதிரி குதிரைக்குட்டியை முன்னாலிருந்து இழுத்தால் அது பின்னால் இழுக்கும். இழுபறி முற்றினால் நட்டுக்குத்தலாக எழுந்து மல்லாக்க விழும். பிடரி மண்டை தரையில் மோதினால் அங்கேயே முடிந்தாலும் முடிந்துவிடும். முதலில் தாயை ஒருவர் முன்னால் நடத்தட்டும். குட்டிக்கு முகக்கயிறு போட்டு, இன்னொரு கயிற்றைப் பின்தொடையைச் சுற்றி விட்டு, பின்னாலிருந்து மெல்ல உந்துங்கள். ஒரு வாரத்தில் தானாக நடக்கும். கயிறு இறுகினால் அதன் பக்கம் வர வேண்டும் என்று தெரிகிற வரைக்கும் கம்பத்தில் கட்டவே வேண்டாம்.

நேப்பியர் புல்லும் தவிடும் மட்டும்

மாட்டுக்குப் போட்ட கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் புல் நிற்கிறது, தவிடு இருக்கிறது, குதிரைக்கும் அதுவே போதும் என்று நினைப்பது நம் பக்கத்தில் அதிகம். கம்பு நேப்பியரில் ஆக்சலேட் உண்டு. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைப் பெரும்பாலும் உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் கொஞ்சம். இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். முகத்து எலும்பு வீங்கும், நடை நொண்டும். வளர்கிற குட்டிக்கு இது இன்னும் கெடுதல். ஒரு தீவனப் பயிருக்குக் குதிரை மசால் என்று பேரே வைத்திருக்கிறார்கள். அரை சென்ட்டாவது அதைப் போடுங்கள். நல்ல காய்ந்த புல்லும் கலந்து கொடுங்கள். தாது உப்பின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காக, சீக்கிரம் பெருக்க வேண்டும் என்று கொள்ளையும் கம்பையும் அள்ளிக் கொட்டாதீர்கள். உடம்பு முந்தி எலும்பு பிந்தினால் மூட்டு வீங்கும், கால் கோணும்.

கோழித் தீவனம்

ஒரு பிடிகூடக் கூடாது. அதில் கோழிக்கென்று சேர்க்கிற மோனென்சின் என்கிற மருந்து கலந்திருந்தால் குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

சுழி மட்டும் பார்ப்பது

சுழி பார்த்து வாங்கினால் மட்டும் போதாது, குளம்பையும் பாருங்கள். இரண்டாம் மாதத்திலிருந்து மாதம் ஒருமுறை சீவ வேண்டும்.

ஒன்றரை வயதில் ஏறுவது

ஒன்றரை வயதுக் குட்டி உயரத்தில் கிட்டத்தட்டப் பெரிய குதிரை மாதிரியே நிற்கும். அதுதான் நம்மை ஏமாற்றுகிறது. முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள எலும்பின் வளர்ச்சி முடிய இரண்டு, இரண்டரை வயதாகும். முதுகெலும்பு முழுசாக முற்ற ஐந்து வயதுக்கு மேலேயே ஆகும். மூன்று வயது வரைக்கும் நடத்துங்கள், சேணத்தைச் சும்மா வைத்துப் பழக்குங்கள், கூடவே நடங்கள். உட்கார வேண்டாம். நாலு வயதில் நொண்டுகிற நல்ல குதிரைகள் எத்தனையோ அந்தச் சந்தைக்கே விலைக்கு வருகின்றன. யார் எப்போது ஏறினார்கள் என்று விற்கிறவர் சொல்வதில்லை.

அந்தத் தம்பி அப்புறம் கார்த்திகையில் கூப்பிட்டான். வெல்லத்தை நிறுத்திவிட்டானாம், ஆனாலும் குட்டி ஆள் தோளைத்தான் பார்க்கிறதாம். எங்களிடம் இப்போது இருக்கிற கிழட்டுப் பெட்டையை வேனில் ஏற்றி அவன் தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். இறக்கிக் கட்டியதும் குட்டி துள்ளிக்கொண்டு வந்து அதன் கழுத்தில் கால் போடப் பார்த்தது. கிழவி தலையைத் திருப்பி, காதை மடித்தாள். குட்டி நாலடி தள்ளிப்போய், கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது.