புறா மலைக்குக் கமராவோடு போகுமுன்: புதிதாக வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

கடலுக்குள் முதன்முதலில் படம் எடுத்தவர்கள் வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்ததும் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "கமரா சரியில்லை." மீன்கள் நீலச் சாம்பலாக இருக்கும், முருகைக்கல் செத்த கல் மாதிரித் தெரியும். உடனே இன்னும் விலை கூடிய கமராவைத் தேடத் தொடங்குவார்கள். உண்மையில் கமராவில் பிழை இருப்பது அபூர்வம். உங்களுக்கும் மீனுக்கும் இடையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதுதான் படத்தைத் தீர்மானிக்கிறது. அதை யோசித்துக் காசு செலவழித்தால் பாதித் தவறு தானாக விலகிவிடும்.

தண்ணீர் முதலில் தின்பது சிவப்பு நிறத்தை. ஐந்தாறு மீற்றருக்குள் சிவப்பு மங்கிவிடும், அதற்குப் பின்னால் செம்மஞ்சள், அப்புறம் மஞ்சள். பலர் இதை ஆழத்தோடு மட்டும் சேர்த்துப் பார்க்கிறார்கள். திருகோணமலையில் நிலாவெளிக்கு எதிரே கடலிலுள்ள புறா மலைத் தீவில் மூன்று மீற்றர் ஆழத்தில் நிற்கும் கிளிமீனை மூன்று மீற்றர் தள்ளி நின்று எடுத்தால், வெளிச்சம் கடந்து வந்த தண்ணீர் மொத்தம் ஆறு மீற்றர். ஆகவே ஆழம் குறைந்த இடத்திலும் நிறம் போகும். இதற்கு மருந்து, கிட்டப் போவது. கைக்கெட்டும் தூரம் என்றால் நல்லது, ஒரு மீற்றருக்கு மேல் என்றால் அழுத்த வேண்டாம். சூம் போட்டு இழுப்பது உதவாது. மீன் பெரிதாகும், ஆனால் நடுவில் நிற்கும் தண்ணீர் அப்படியே இருக்கும்.

கைத்தொலைபேசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு இறங்குவது எல்லோரும் செய்வது. ஐபி68 என்று பெட்டியில் எழுதியிருக்கும் நீர்புகாத் தரம் நல்ல தண்ணீரில் செய்த சோதனை. உப்புத் தண்ணீருக்கு அது உத்தரவாதம் இல்லை. போதாததற்குத் தொடுதிரை தண்ணீருக்குள் சொன்னபடி கேட்காது. முழங்காலளவு தண்ணீரில் பிள்ளைகளை எடுக்கப் பை போதும், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது ஆழக் கணக்கு. கோப்ரோ என்ற சின்ன கமராவின் பெரும்பாலான ஹீரோ மாடல்கள், ஹவுசிங் எனப்படும் நீர்புகாக் கூடு இல்லாமலே 10 மீற்றர் வரை போகும். தண்ணீர் புகாத சின்னக் கமராக்களான ஒலிம்பஸ் டிஜி-6, அதற்குப் பின் 2023இல் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வந்த டிஜி-7 இரண்டும் 15 மீற்றர். புறா மலையில் ஸ்னோர்க்கலிங் மட்டும் செய்பவருக்கு இது தாராளம். ஆனால் உப்புவெளியில் டைவிங் பழகி முதல் சான்றிதழ் எடுத்தவருக்கு அனுமதி 18 மீற்றர் வரை. "15க்கும் 18க்கும் என்ன பெரிய வித்தியாசம்" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பத்து மீற்றருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பற்றறி மூடி அதைத் தாங்கும் என்று யாரும் உங்களுக்கு எழுதித் தரவில்லை. திருகோணமலைக் கோணேசர் கோவில் பாறைக்குக் கீழே, 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் பழைய கோவிலின் கற்களைக் கண்ட பக்கம், கமராவோடு சுழியோடும் ஆசை பலருக்கு உண்டு. அங்கே அடித்தளம் சட்டென்று இறங்கும். டைவிங் எண்ணம் இருந்தால் ஹவுசிங்கின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். டிஜி வரிசைக்கான ஹவுசிங் 45 மீற்றர் தாங்கும், கோப்ரோவுக்கு 60.

வீட்டில் கிடக்கும், லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கமராவுக்கு ஹவுசிங் வாங்கினால் மலிவு என்று கணக்குப் போடுவது இன்னொரு பொறி. ஹவுசிங் ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்தும். லென்ஸை மாற்றினால் முன்கண்ணாடியையும் மாற்ற வேண்டிவரும். அலுமினிய ஹவுசிங் என்றால் கமராவைவிட அதற்குத்தான் கூடப் போகும். கமராவை வாங்கிவிட்டு ஹவுசிங் தேடாதீர்கள். ஹவுசிங் எதற்குக் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுக் கமராவை வாங்குங்கள்.

எதை எடுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் வாங்குவதும் உண்டு. புறா மலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்குக் கறுப்புமுனைச் சுறா வேண்டும். கோப்ரோவின் அகன்ற பார்வைக்கு மூன்று மீற்றருக்கு அப்பால் போகும் சுறா ஒரு நெத்தலி. துரத்தினால் இன்னும் தூரம் போகும், கூச்ச சுபாவம் அதற்கு. ஆடாமல் ஓரிடத்தில் மிதந்தால் தானே வட்டமடித்துத் திரும்பி வருவதுண்டு. சின்னப் பிராணிகள்மேல் ஆசை என்றால் கோப்ரோ சரிவராது. ஓரடிக்கும் கிட்டப் போனால் தெளிவு கெட்டுவிடும். டிஜி வரிசையில் ஒரு சென்ரிமீற்றர் வரை நெருங்கலாம். பழகத் தொடங்குபவருக்கு அதையே நான் சொல்வேன். சுறா எப்போதாவதுதான் வரும். கல்லிடுக்கில் இறாலும் கடற்சாமந்திக்குள் கோமாளி மீனும் எப்போதும் இருக்கும்.

கமராவோடு வரும் பிளாஷை அணைத்து வையுங்கள். லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும் வெளிச்சம் தண்ணீரில் மிதக்கும் தூசியை எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக்கி மீனின் முகத்தில் தூவிவிடும். வெளி லைற் வாங்கினால் அதைக் கமராவில் பூட்டும் நீட்டுக்கம்பி ஒன்றில் மாட்டிப் பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டும், கொஞ்சம் வெளிப்புறமாகத் திருப்பி. நண்பகலில், இரண்டு மீற்றர் ஆழத்தில் சின்ன லைற் ஒன்றும் செய்யாது. சூரியன் அதைத் தோற்கடித்துவிடும். குகை, பாறையின் நிழல், இரவு டைவிங் என்றால்தான் அதன் மதிப்புத் தெரியும். போன சிவப்பை ஈடுசெய்ய லென்ஸில் மாட்டும் சிவப்பு பில்டரையும் லைற்றையும் ஒன்றாகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பில்டர் சூரிய வெளிச்சத்துக்கு மட்டும். கமராவில் ரோ வசதி (படத்தைப் பதப்படுத்தாமல் அப்படியே சேமிப்பது) இருந்தால் அதில் எடுங்கள், நிறத்தைப் பிறகு மீட்க இடம் இருக்கும்.

கமராக்கள் சாவது பெரும்பாலும் ஓ-ரிங்கில். ஹவுசிங்கின் கதவைச் சுற்றி ஓடும் அந்த மெல்லிய றப்பர் வளையம்தான் கடலுக்கும் மின்சாரத்துக்கும் நடுவிலுள்ள ஒரே காவல். அதைக் கழற்றி விரல்களுக்கிடையில் மெதுவாக இழுத்து வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத நிலாவெளி மணல் விரலுக்குத் தெரியும். தண்ணீர் உள்ளே புக ஒரு மணல் துணுக்கு போதும். ஒரு தலைமயிர் குறுக்கே கிடந்தாலும் போதும். கழற்ற ஊசி, கத்தி பாவிக்கக்கூடாது, வங்கி அட்டையின் விளிம்பு நல்லது. பள்ளத்தைத் துடைக்கப் பஞ்சு வேண்டாம், நூல் விடும். கிறீஸ் பூசுவது தண்ணீரைத் தடுக்க என்று நினைத்து அப்பிவைப்பார்கள். அது வளையம் பிசகாமல் வழுக்கி உட்காருவதற்கு மட்டும்தான், பளபளப்புத் தெரியுமளவு போதும். கூடினால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹவுசிங் செய்தவர்கள் தந்த கிறீஸையே பூசுங்கள், வாஸ்லின் றப்பரைக் கெடுக்கும். புது ஹவுசிங்கை முதல்முறை கமரா இல்லாமல், உள்ளே ஒரு துண்டு டிஷ்யூ வைத்து இறக்கிப் பாருங்கள். மேலே வந்து திறக்கும்போது டிஷ்யூ உலர்ந்திருந்தால் சரி.

மூடும் இடமும் முக்கியம். கடற்கரைப் புழுக்கத்தில் மூடினால் ஈரக்காற்றும் உள்ளே அடைபடும். படகில் வெயிலில் சூடேறிப் பின் தண்ணீரில் குளிரும்போது முன்கண்ணாடி உள்ளே வேர்க்கும். ஏசி அறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவிட்டுக் கிளம்புங்கள். படகில் ஈரத்துணியின் கீழ் நிழலில் வையுங்கள், பற்றறி மாற்றவென்று நடுவில் திறக்காதீர்கள்.

திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி விடுங்கள். உப்பு ஒளிந்திருப்பது அங்கேதான். குழாயால் பீய்ச்சி அடிப்பது கழுவுதல் ஆகாது. கரையோரக் கிணறுகளில் தண்ணீர் சவராக இருந்தால் அதில் கழுவியும் பயனில்லை, போத்தல் தண்ணீர் கொண்டுபோங்கள்.

கமராவைப் பிடிக்கத் தெரியுமுன் மிதக்கத் தெரிய வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டே காலில் மாட்டிய துடுப்பால் முருகைக்கல்லை உடைப்பவர்களைப் புறா மலையில் எந்த நாளும் காணலாம். 2003 முதல் அது தேசிய பூங்கா. ஓரிரு அடி ஆழத்தில் முருகைக்கல் நிற்கும் இடங்களும் உண்டு. ஸ்னோர்க்கலிங் செய்பவர் மிதக்கும் கைப்பிடி ஒன்று மாட்டிக்கொண்டால் நல்லது. கைதவறினாலும் கமரா மேலே வரும்.

வாடைக் காலத்தில், நவம்பர் முதல் பெப்ரவரி வரை, கிழக்குக் கடல் கலங்கும். மகாவலி கொட்டியாரக் குடாவில் கொண்டுவந்து கொட்டும் சேறும் சேரும். அந்த மாதங்களில் புதுக் கமராவைச் சோதித்துவிட்டு விற்றுத் தள்ளாதீர்கள். மாறாக, பழைய டிஜி-6 ஒன்றை ஹவுசிங்கோடு வாங்க அதுவே நல்ல காலம்: சீசன் முடிந்ததும் விற்பவர்கள் இருப்பார்கள். வாங்கும்போது பற்றறி மூடியைத் திறந்து உள்விளிம்பில் வெள்ளைப் பூப்போல உப்போ, பச்சைக் களிம்போ படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓ-ரிங்கை எப்போது மாற்றினார் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் புது வளையத்தின் விலையைக் குறைத்துக்கொண்டு பேசலாம்.