மீன் மேல் பழி போடாதீர்கள்: ஆர்சனிக் கணக்கெடுப்பில் சறுக்கும் இடங்கள்

ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் ஒரு குடும்பத்தின் சாப்பாட்டில் ஆர்சனிக் என்னும் நஞ்சு எவ்வளவு சேர்கிறது என்று கணக்கெடுக்கப் போகிறவர்கள் முதலில் சறுக்குவது மீனில்தான். ஆய்வகத்தில் எல்லா வடிவத்தையும் சேர்த்த ‘மொத்த ஆர்சனிக்’ கேட்டு வாங்கிவிடுகிறார்கள். கடல்மீனில் அது கிலோவுக்கு 5 மில்லிகிராம்கூட வரலாம். அப்படியானால் 100 கிராம் மீனில் 500 மைக்ரோகிராம். 50 கிலோ எடையுள்ளவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் அமைத்த நிபுணர் குழு 2010-இல் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு என்று சொன்ன 3 மைக்ரோகிராமுக்குப் பக்கத்தில் இதை வைத்தால் ஊரே பதறிப்போகும்.

அந்த 3, கேடு செய்யும் வடிவமான கனிம ஆர்சனிக்குக்கு மட்டும் உரியது. மீனில் இருப்பது பெரும்பாலும் ஆர்சனோபீட்டைன் என்ற கரிம வடிவம்; உடம்பில் மாறாமல் சிறுநீரோடு போய்விடும். ஆகவே கனிம ஆர்சனிக்கைத் தனியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். 3-க்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்றும் எழுதிவிடாதீர்கள். நுரையீரல் புற்றுநோய் 0.5 சதவீதம் கூடும் அளவு அது. பழைய வார வரம்பான 15 மைக்ரோகிராமையும் அதே குழு அப்போதே திரும்பப் பெற்றுவிட்டது.

பாசியை மீன் கணக்கில் சேர்க்கக் கூடாது. கட்டக்கோரை (சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி) வகையறாவில் சில இனங்களில் கனிம ஆர்சனிக்கே அதிகம். கஞ்சியில் போடும் பாசி எது என்று காய்ந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

உப்பும் ஏமாற்றும். அணுக்களை நிறை பார்த்து அளக்கும் ஆய்வகக் கருவியில், அதில் ஓடும் ஆர்கான் வாயுவும் உப்பிலுள்ள குளோரினும் ஒட்டிக்கொண்டால் நிறை 75 வரும். ஆர்சனிக்கின் நிறையும் 75. உவர் ஊத்துத் தண்ணீரிலும் கருவாட்டிலும் இல்லாத ஆர்சனிக் தெரிவது இதனால்தான். இந்தப் போலியை விலக்கும் ஹீலியம் மோதல் அறை வைத்து அளந்தார்களா என்று கேட்காமல் முடிவை வாங்காதீர்கள். கருவாட்டில் கிலோவுக்கு இவ்வளவு என்று வந்ததைப் பச்சை மீன் எடையோடு பெருக்கிவிடும் பிழையும் அடிக்கடி நடக்கிறது.

இனி சோறு. நம் கவலை இங்கேதான் இருக்க வேண்டும், ஏனென்றால் அரிசியில் இருப்பதில் பெரும்பங்கு கனிம ஆர்சனிக். சோற்றை எடை போட்டு அரிசியின் அளவோடு பெருக்குவது பெரும் பிழை. 300 கிராம் அரிசி 800 கிராம் சோறாகும், கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் உள்ள அரிசி என்றால் 30 மைக்ரோகிராம் என்பது 80 ஆகிவிடும். ‘எத்தனை உழக்கு?’ என்று கேட்டு நிறுத்தாதீர்கள், உழக்கு வீட்டுக்கு வீடு மாறும். சமைக்கும் அம்மா வழக்கமாக அளக்கும் டம்ளரிலேயே அரிசியைத் தராசில் கொட்டச் சொல்லுங்கள்.

உலை வைக்கும் முறையையும் எழுத வேண்டும். நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி வடித்தால் ஆர்சனிக்கில் ஒரு பகுதி கஞ்சியோடு போகும். அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தால் போனது திரும்பி வந்துவிடும். குக்கரில் எதுவும் போகாது. தண்ணீரிலேயே ஆர்சனிக் இருந்தால் அதுவும் சோற்றில் ஏறும். குடிக்கக் காசு கொடுத்துக் குடம் வாங்கும் வீட்டில் உலைக்கு ஊத்துத் தண்ணீர் வைக்கலாம். இரண்டிலும் தனித்தனியாக மாதிரி எடுங்கள். கொதிக்க வைத்தால் ஆர்சனிக் போய்விடும் என்று யாராவது சொன்னால் அங்கேயே திருத்துங்கள். பழைய சோற்றில் ஊற்றிய தண்ணீர், நீராகாரமாகக் குடிக்கும்போது, குடிநீர்க் கணக்கில் வர வேண்டும்.

வீட்டுக்கு ஒரே எண் போடாதீர்கள். லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் உள்ள தண்ணீரில் நாளுக்கு 4 லிட்டர் குடித்து, மேலே சொன்ன 0.1 மில்லிகிராம் அரிசியில் 300 கிராம் சாப்பிடும் 50 கிலோ தாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 1 மைக்ரோகிராம். 120 கிராம் அரிசியும் ஒன்றரை லிட்டரும் எடுக்கும் 15 கிலோ பிள்ளைக்கு 1.3.

‘கண்டறியப்படவில்லை’ என்று வந்ததைப் பூச்சியமாக்காதீர்கள். பூச்சியமாக வைத்து ஒரு முறை, கருவியின் கண்டறியும் எல்லையை (கருவி காணக்கூடிய மிகக் குறைந்த அளவை) வைத்து ஒரு முறை, இரண்டையும் போட்டு வெளியிடுங்கள்.

உடம்பில் சேர்ந்ததைப் பார்க்கச் சிறுநீர் மாதிரி எடுப்பதானால் மூன்று நான்கு நாள் மீனும் பாசியும் நிறுத்தச் சொல்ல வேண்டும். கடலோர வீட்டில் அது லேசில்லை. வடிவம் வடிவமாகப் பிரித்துப் பார்த்தாலும், கனிம ஆர்சனிக் உடம்பில் மாறி வரும் அதே டைமெத்தில் ஆர்சனிக் பாசியிலிருந்தும், சாளை போன்ற எண்ணெய் மீனிலிருந்தும் வரும். கடைசியாக மீன் சாப்பிட்ட நேரத்தைச் சீசாவின் சீட்டிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.