பழைய ஈரானிய வாள்கள்: கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஈரானிய வாள்களைப் பராமரிக்கக் கற்க வருபவர்கள், நாங்களெல்லாம் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளைத்தான் திரும்பச் செய்கிறார்கள். வெறுங்கையால் தொடாதே, ஈரம் படவிடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாலிஷ் போடக் கொடுப்பது

இதை நினைத்தாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ஹைதராபாத்திலிருந்து ஒரு குடும்பத்தினர் தாத்தா காலத்து ஷம்ஷீர், அதாவது வளைந்த ஈரானிய வாள் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே எங்கோ பஃப் வீலில் கொடுத்துக் கண்ணாடி போல ஆக்கியிருந்தார்கள். கைப்பிடிக்கு அருகே லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள், ஒரு கீறலின் அடியில் மட்டும் மஞ்சளாக ஒரு துளி. அந்த இடத்தில் தங்க எழுத்து இருந்திருக்கிறது. உருக்கில் கீறல் போட்டு, அதன்மேல் தங்கக் கம்பியைத் தட்டிப் பதிப்பார்கள். அந்தத் தங்கம் அவ்வளவு மெல்லியது, சக்கரம் பட்டால் நொடியில் போய்விடும். முதுகின் கூரான விளிம்பும் மழுங்கிப் போயிருந்தது.

அமிலம் தடவினால் ஜௌஹர், அதாவது உருக்கின் கோலம், திரும்ப வந்துவிடும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நீரலை போன்ற அந்தக் கோலம் உருக்குக்குள்ளேயே இருப்பதால் வரத்தான் செய்யும். ஆனால் தங்கம் வராது. ஏணிப்படி போல அலகின் குறுக்கே ஓடும் ‘கிர்க் நர்துபான்’ கோலமும் அப்படித்தான். கொல்லர் உளியால் பள்ளம் வெட்டி, தட்டிச் சமமாக்கி உண்டாக்கிய படிகள் அவை. மேற்பரப்பை ஆழமாகத் தேய்த்தால் மங்கிக் கரைந்துபோகும்.

துரு இருந்தால் மெல்லிய எண்ணெயில் ஊறவிட்டு, கொம்பாலோ மூங்கிலாலோ பொறுமையாகச் சுரண்டுங்கள். வாரக்கணக்கில் ஆகட்டும். அப்புறம் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட்டு மெழுகு பூசினால் போதும்.

சூடேற்றுவது

இந்த வாள்கள் மூசையில் உருக்கி எடுத்த உருக்கு, கார்பன் சுமார் 1.5 சதவீதம். கோலத்தில் வெளுப்பாகத் தெரிபவை இரும்பு கார்பைடுத் துகள்களின் வரிசைகள். வெனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிய அளவில் கலந்திருப்பதுதான் அவற்றை வரிசைப்படுத்துகிறது என்று உலோகவியலாளர் வெர்ஹோவனும் வாள் கொல்லர் பெண்ட்ரேயும் காட்டினார்கள். வெப்பம் மிஞ்சினால் துகள்கள் கரைந்துவிடும், கோலமும் போய்விடும்.

கோணிய அலகை நிமிர்த்துவது

ஒடிந்துவிடும்.

உறைக்குள்ளேயே வைத்திருப்பது

தோலும் மரமும் ஈரத்தை இழுக்கும். வாள் தனியே, உறை தனியே.

அசதுல்லா பெயரை நம்பிப் பணம் கொடுப்பது

ஈரானிய மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் ஆண்டது 1588 முதல் 1629 வரை. அவர் காலத்துப் புகழ்பெற்ற கொல்லர் என்று சொல்லப்படும் இஸ்பஹான் அசதுல்லாவின் பெயரோ, ஒரே மனிதரின் ஆயுளில் அடங்காத அளவுக்கு வெவ்வேறு ஆண்டுகள் பொறித்த வாள்களில் கிடைக்கிறது. பெயரைப் பின்னாளில் யார் வேண்டுமானாலும் பொறித்திருக்கலாம். ஆகவே முதலில் உருக்கைப் பாருங்கள். கோலம் கைப்பிடியிலிருந்து முனைவரை சீராக ஓடுகிறதா, எங்காவது வெல்டிங் பட்ட கோடு தெரிகிறதா, பொறித்த எழுத்துக்கு அடியில் கோலம் தேய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். விலை பேசுவதெல்லாம் அதற்கப்புறம்.