மாநாட்டுக்குத் திருமலை வருகிறீர்களா? ஊர் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் மாநாடு என்று அழைப்பு வந்தால், கட்டுரையை எழுதி முடிக்கும் முன்பே கடலில் குளிக்க ஒரு உடுப்பைப் பையில் வைத்துவிடுவார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு மண்டபத்தையும் தங்குமிடத்தையும் மட்டும் பார்த்துத் திரும்புவதுதான் பெரிய இழப்பு. ஆனால் வருகிறவர்களில் பலர் கோணேச்சரம் கோயிலை உச்சி வெயிலில் பார்க்கிறார்கள், நிலாவெளிக் கடற்கரையை இருட்டில் பார்க்கிறார்கள், கன்னியா வெந்நீர் ஊற்றுகளைக் கைபேசிப் படத்துக்காக மட்டும் பார்க்கிறார்கள். ஊரைப் பார்த்த களைப்பு மிஞ்சுகிறது, பார்த்த நிறைவு வருவதில்லை.

பெரும்பாலும் இதற்குக் காரணம் நேரக்கணக்கு. மாநாடு காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு முடியும். திருமலையின் நல்ல பொழுதோ அதற்கு முன்னாலும் பின்னாலும்தான் இருக்கிறது. இதை விளங்கிக்கொண்டால் ஒரு அமர்வையும் தவறவிடாமல் ஊரின் பாதியைப் பார்த்துவிடலாம்.

கிலோமீற்றரைப் பார்த்துத் திட்டம் போடுவது

வரைபடத்தைத் திறந்தால் எல்லாம் பக்கத்தில்தான் தெரியும். கோணேச்சரம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, கன்னியா எட்டுக் கிலோமீற்றர், நிலாவெளி பதினைந்து. "பின்னேரம் ஒரு ஓட்டோ பிடித்தால் மூன்றையும் முடித்துவிடலாம்" என்று கணக்குப் போடுகிறார்கள். தூரக்கணக்கு சரிதான், பொழுதுக்கணக்குத்தான் பிழைத்துவிடுகிறது. இது கிழக்குக் கரை. ஆறரை மணியோடு சூரியன் போய்விடும், ஏழுக்கு நல்ல இருட்டு. கடைசி அமர்வு முடிந்து, தேநீர் குடித்து, உடுப்பு மாற்றி நிலாவெளிக்குப் போய்ச் சேரும்போது கடலின் சத்தம் மட்டும்தான் இருக்கும்.

மாலையில் கிடைப்பது ஒன்றரை மணித்தியாலம். அதை ஊருக்குள்ளேயே செலவழியுங்கள். மாலைப் பூசைக்குக் கோணேச்சரம் போகலாம். அல்லது டச்சு விரிகுடாக் கடற்கரையில் போய் இருக்கலாம். ஊர்ச்சனம் பிள்ளைகுட்டிகளோடு அங்குதான் கூடும். இறால் வடை வாங்கிக்கொண்டு மணலில் இருந்தால், எந்த விடுதி மொட்டைமாடியிலும் கிடைக்காத பொழுதுபோக்கு அது. சூரியன் மறைவதைப் பார்க்க அங்கே நிற்க வேண்டாம், அந்தக் கடல் உதயத்துக்கு உரியது. மறைவைப் பார்க்க ஊரின் மறுபக்கம், உட்துறைமுகத்தை நோக்கிப் போங்கள். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று பொன்னிறமாக மாறுவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். கிழக்குக் கரை ஊர் ஒன்றில் உதயம், அஸ்தமனம் இரண்டையும் நீருக்கு மேலே பார்க்க வாய்ப்பது அபூர்வம். வருகிறவர்களில் பலருக்கு இது தெரிவதேயில்லை.

காலையில் ஐந்தரைக்கு எழும்பினால் எட்டு மணிக்குள் கன்னியா போய் வரலாம். புறாமலைத் தீவுக்கு அரை நாள் வேண்டும். குச்சவெளி, திரியாய்ப் பக்கம் என்றால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

காற்றைக் கேட்காமல் கடலுக்குப் போவது

கொழும்பிலும் காலியிலும் மழை கொட்டும் மே, ஜூன் மாதங்களில் திருமலைக் கடல் அமைதியாக இருக்கும். மார்கழி, தையில் அங்கே வெயில் அடிக்கும்போது இங்கே வாடைக் காற்று கடலைப் புரட்டிப் போடும். மேற்குக் கரையின் காலநிலையை வைத்துக்கொண்டு கிழக்குக்கு வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டிசம்பர் மாநாட்டுக்கு வந்துவிட்டுப் புறாமலைக்குப் படகு கேட்டு அலைவதில் பயனில்லை. யாராவது கூட்டிப் போகச் சம்மதித்தாலும் போக வேண்டாம். ஊர் மீனவர் இறங்காத கடலில் விருந்தினர் இறங்கக்கூடாது.

மே முதல் செப்ரெம்பர் வரை வருகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். நண்பகலுக்குப் பிறகு அது வலுக்கும். கரையோரம் அலையே இல்லாததுபோலத் தெரிந்தாலும், மிதவையில் படுத்திருப்பவரை அந்தக் காற்று சத்தமில்லாமல் வெளியே இழுத்துக்கொண்டு போகும். ஆகவே படகோ நீச்சலோ, கடல் வேலை எல்லாம் காலையில்தான். திமிங்கிலம் பார்க்கும் படகுகளும் விடியற்காலையில்தான் புறப்படும். மார்ச் முதல் ஓகஸ்ட் வரை அதற்கு ஏற்ற காலம். திமிங்கிலம் தென்படும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. பிந்தினால் முதலாவது அமர்வுக்கு வர முடியாது, அதனால் நீங்கள் கட்டுரை வாசிக்கும் நாளில் இதை வைக்காதீர்கள்.

மாரிகாலத்தில் வருவதையும் வீண் என்று நினைக்க வேண்டாம். தம்பலகாமத்து வயல்கள் பச்சைப்பசேலென்று நிற்கும் காலம் அது. அங்கிருக்கும் ஆதிகோணநாயகர் கோயிலுக்குக் கோணேச்சரத்தின் கதையோடு நேரடித் தொடர்பு உண்டு. பழைய கோயில் இடிக்கப்பட்ட பின் அங்கிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த திருமேனிகளை வைத்து எழுந்த கோயில் என்பது ஊர் மரபு. கந்தளாய்க் குளமும் அந்த மாதங்களில்தான் நிரம்பி அழகாக இருக்கும்.

புறாமலையில் பவளப்பாறை மேல் நிற்பது

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ள சிறு தீவு புறாமலை. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முகமூடி போட்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாலே போதும், பவளப்பாறையும் வண்ண மீன்களும் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் மனிதரை ஒன்றும் செய்யாத சிறு சுறாக்களையும் காணலாம். இவ்வளவு எளிதாகக் கிடைப்பதால்தான் அது அழிந்துகொண்டும் இருக்கிறது. நீந்தத் தெரியாதவர்கள் களைத்ததும் காலை ஊன்றி நிற்பது பவளப்பாறையின் மேல். பார்க்கக் கல்போல இருக்கும் அது உயிருள்ளது. ஒரு மிதியில் உடைவது திரும்ப வளரப் பல வருடங்கள் ஆகும். நீந்தத் தெரியாவிட்டால் மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது தீவின் மணலில் இருந்து கடலைப் பாருங்கள். உடைந்த பவளத்துண்டு ஒன்றைக்கூட நினைவுக்கென்று எடுத்து வராதீர்கள், அது சட்டப்படியும் குற்றம். முதுகு கருகாமல் இருக்க நீளக்கைச் சட்டையோடு இறங்குவது களிம்பு பூசுவதை விட நல்லது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் வேறு வேறு கட்டணம், இடைவெளியும் பெரியது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மாநாட்டுக்கு வருகிற நம்மவர்கள் "நாங்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள்தானே" என்று ரிக்கெற் கொடுப்பவரோடு வாதாடுவதைக் காண மனம் கஷ்டப்படும். அவர் கேட்பது ஆவணத்தை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் அடையாள அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் வெளிநாட்டுக் கட்டணத்தைக் கணக்கில் வைத்து வாருங்கள். படகுக் கூலி ஆளுக்கென்று இல்லாமல் படகுக்கென்று பேசப்படுவதால் தனியாகப் போனால் கை கடிக்கும். முதல் நாள் தேநீர் இடைவேளையிலேயே நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டால் செலவும் குறையும், புதிதாக நாலு பேர் பழக்கமும் ஆவார்கள்.

கோணேச்சரத்தை அவசரமாகப் பார்ப்பது

மதிய உணவு இடைவேளையில் ஓடிப்போய்க் கும்பிட்டு வரலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நடுப்பகலில் நடை சாத்தியிருக்கலாம், சாத்தாவிட்டாலும் வெறுங்காலோடு அந்தக் கல்லில் நடக்க முடியாது. கோயிலைச் சுற்றியுள்ள கோட்டையின் வாசலிலிருந்து மேலே ஏற்றம். சப்பாத்தும் கழுத்துப்பட்டியுமாக ஏறினால் பாதியிலேயே வியர்த்து நனைந்துவிடுவீர்கள். காலுக்குச் சுலபமான செருப்பு, வேட்டி அல்லது முழுக் காற்சட்டை, பெண்களுக்குத் தோளும் முழங்காலும் மறைந்த உடை. இவ்வளவுதான் தேவை.

கோயில் நிற்பது பிரெடெரிக் கோட்டைக்குள். அது இன்றும் இராணுவம் இருக்கும் இடம். வழியில் உள்ள முகாம் கட்டடங்களையும் காவலரண்களையும் படம் எடுக்காதீர்கள், ட்ரோனைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே வேண்டாம். கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் மனிதரோடு பழகியவை, கையை நீட்டினால் பக்கத்தில் வரும். பிஸ்கற்றும் பொலித்தீனுமாகக் கொடுக்காதீர்கள். அவற்றின் வயிற்றில் போய்ச் சேருவது எங்கள் குப்பை.

நான் மிகவும் வருந்தும் தவறு இன்னொன்று. இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவில் படம் எடுத்ததும் திரும்பிவிடுவது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். ஆகவே நீங்கள் நடந்து ஏறும் கோட்டைக்குள்ளும் பழைய கோயிலின் பகுதிகள் இருக்கின்றன. 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் பாறையடிக் கடலுக்குள் இறங்கிக் கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். 1963இல் குடமுழுக்கு நடந்து கோயில் மீண்டும் எழுந்தது. இதையெல்லாம் அறிந்துகொண்டு அந்த விளிம்பில் கால் மணி நேரம் நில்லுங்கள். கைபேசிப் படத்துக்காகக் கம்பிவேலியைத் தாண்ட மட்டும் வேண்டாம், கீழே நேரே கடல்.

கன்னியாவைக் குளியல் தடாகமாக நினைப்பது

ஏழு சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. ஆழம் நாலைந்து அடிதான், இறங்கி நீந்த முடியாது. வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும், சவர்க்காரம் கூடாது. இந்த விவரங்களை எங்கும் படிக்கலாம். வருகிறவர்கள் அறியாதது, தமிழருக்கு இது துக்கத்தின் இடமும் என்பது. தாய்க்கு இறுதிக்கடன் செய்ய இராவணன் உண்டாக்கிய ஊற்று என்பது ஐதீகம், அதனால் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கும் ஆடி அமாவாசைக்கும் மக்கள் இங்கே வருவார்கள். உங்களுக்குப் பக்கத்தில் தண்ணீர் அள்ளுகிறவர் தன் தாயை அடக்கம் செய்து முப்பது நாள் ஆனவராக இருக்கலாம். மாநாட்டு அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி கூட்டமாகச் சத்தம் போட்டு ஒருவர்மேல் ஒருவர் ஊற்றி விளையாடுவது அவரை எவ்வளவு நோகச் செய்யும்! விடியற்காலையில் போங்கள், நாலு வாளி ஊற்றிக்கொள்ளுங்கள், அமைதியாகத் திரும்புங்கள்.

இதே கவனம் பேச்சிலும் வேண்டும். ஓட்டோ ஓட்டுபவரிடமும் விடுதிப் பணியாளரிடமும் போரைப் பற்றியும் 2004 சுனாமியைப் பற்றியும் எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். இழக்காத குடும்பம் இங்கே குறைவு. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

துண்டுப்பிரசுரத்தில் இருப்பதை மட்டும் பார்ப்பது

தமிழ் ஆய்வுக்காக வருகிறவர்கள் வெல்கம் விகாரையைப் பார்க்காமல் போவது எனக்கு விளங்கவே இல்லை. கன்னியாவுக்கு அப்பால் இருக்கும் இந்தப் பௌத்தப் பள்ளிக்கு, அதாவது விகாரைக்கு, சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்கெரிக்கக் கால்நடைகளைத் தானம் கொடுத்த செய்திகள் அங்கே தமிழ்க் கல்வெட்டுகளாக நிற்கின்றன. இந்த விகாரையை ஊரார் நாதனார் கோயில் என்பார்கள். தமிழ்ப் பௌத்தத்தைப் பற்றி மண்டபத்தில் நாள் முழுக்கப் பேசுவதை விட அந்தக் கற்களின் முன் ஒரு மணித்தியாலம் நிற்பது மேல். ஊருக்குள் பழைய கல்லறைத் தோட்டத்தில் எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ல்ஸ் ஆஸ்டின் புதைக்கப்பட்டிருக்கிறார், ஆங்கில இலக்கியக்காரருக்கு அது ஒரு பத்து நிமிட நடை. நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப்போரின் வீரர் கல்லறைகள் இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கின.

ஒழுங்கு செய்கிறவர்களுக்கு

இரண்டாம் நாள் மாலை எல்லாரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி ஐந்து இடம் காட்டும் வழக்கத்தை நிறுத்துங்கள். வயதானவர்களுக்கு ஏற இறங்கவே நேரம் போய்விடும். இரண்டு இடம் போதும், அதில் ஒன்று கழிப்பறை வசதி உள்ளதாக இருக்கட்டும். பௌர்ணமி விடுமுறையும் சனி, ஞாயிறும் சேர்ந்து வந்தால் தென்னிலங்கையிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வரும், அந்த நாளில் கோட்டைப் பக்கம் வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் முஸ்லிம் சாப்பாட்டுக்கடைகள் பூட்டியிருக்கும், சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரவு விருந்தில் எங்கும் கிடைக்கும் வறுத்த சோற்றைப் போடாமல் கணவாய்க் கறியும் இடியப்பமும் சொதியும், கடைசியில் சட்டித் தயிரும் பாணியும் வைத்தால் வந்தவர்கள் வருடக்கணக்கில் பேசுவார்கள்.

சிகிரியாவையும் "போகிற வழிதானே" என்று சேர்க்க வேண்டாம். சுமார் நூறு கிலோமீற்றர், ஏறி இறங்கவே அரை நாள். விரும்புகிறவர்கள் மாநாடு முடிந்து ஒரு நாள் கூடுதலாகத் தங்கித் திரும்பும் பயணத்தில் பார்க்கட்டும். கடைசி விருந்து முடிந்த கையோடு இரவில் வான் வண்டியில் புறப்படுவதையும் தவிருங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் காட்டு யானைகள் வீதியைக் கடக்கும். விடிந்த பிறகு புறப்பட்டாலும் மதியத்துக்குள் கொழும்பை நெருங்கிவிடலாம்.