மதிப்பெண் அட்டையில் எதைப் பார்ப்பது?

அட்டை கைக்கு வந்ததும் கண் நேரே மொத்தத்துக்கும் ரேங்குக்கும்தான் போகும். அவை சொல்வது குறைவு. ஒவ்வொரு பாடத்துக்கும் போன தேர்வு மதிப்பெண்ணையும் வகுப்புச் சராசரியையும் பக்கத்தில் எழுதுங்கள். கணக்கில் 62 எடுத்த பிள்ளை இப்போது 58 என்றால் சறுக்கல்போலத் தெரியும். ஆனால் சராசரி 65இலிருந்து 52க்கு இறங்கியிருந்தால், வினாத்தாள் கடினமாக இருந்திருக்கும். சராசரிக்கு 3 கீழே இருந்த பிள்ளை இப்போது அதற்கு 6 மேலே வந்திருக்கிறது. சராசரி அச்சிடப்படவில்லையா, வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

ஒப்படைப்பில் பூஜ்யம் என்றால் பெரும்பாலும் புரியாததல்ல, கொடுக்காததுதான். வருகைப்பதிவையும் ஒரு பார்வை.

பெற்றோர் கூட்டத்துக்கு விடைத்தாளோடு போங்கள். "எப்படிப் படிக்கிறான்?" என்றால் "பரவாயில்லை, இன்னும் கவனம் வேண்டும்" என்ற வழக்கமான பதில்தான் வரும். "இந்த 5 மதிப்பெண் கணக்கில் எந்தப் படியில் மதிப்பெண் போனது?" என்று கேட்டுப் பாருங்கள்.